கவாத்துக் குவியலில் கிடந்த ஆர்க்கிட்

ஆர்க்கிட் செடிக்கு மண் வேண்டாம் என்று எங்கள் ஊரில் சொன்னால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. சிரித்துவிட்டு, "அப்ப எதுல வளரும், ஆகாசத்துலயா?" என்று கேட்பார்கள். கிட்டத்தட்ட ஆகாசத்தில்தான். காட்டில் அது மரத்தின் மேல் தொற்றிக்கொண்டு நிற்கும் செடி. அதன் வேருக்குப் பிடிமானம் வேண்டும், ஈரம் வேண்டும், காற்று வேண்டும். தொட்டிக்குள் நாம் போடும் பொருள் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தர வேண்டும். சாப்பாட்டை அது தர வேண்டியதில்லை; உரத்தைத் தண்ணீரில் கரைத்து நாமே கொடுத்துக்கொள்ளலாம்.

தோட்டக்கலை படித்துவிட்டு ஓசூர்ப் பக்கம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். கண்ணாடிக் குடுவைக்குள் ஆயிரக்கணக்கில் ஆர்க்கிட் நாற்றுகளை உண்டாக்கும் வேலை. வெள்ளை அங்கி, முகமூடி, தீயில் காட்டி எடுத்த இடுக்கி. வேலை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் நான் வளர்த்த ஒரு நாற்றுகூடப் பூத்து நான் பார்த்ததில்லை. குடுவையோடு லாரி ஏறிவிடும். அதனால் ஊருக்குத் திரும்பி, நாற்பது டென்ட்ரோபியம் தாய்ச்செடிகளோடு சொந்தமாகத் தொடங்கினேன். டென்ட்ரோபியம் என்பது கணுக்கணுவாகத் தண்டு விடும் ஆர்க்கிட் வகை. கரும்பைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். குடுவையும் கூடமும் இல்லாமல் வெறும் கையாலேயே அதைப் பெருக்கிவிடலாம் என்பது என் திட்டம்.

இடம் அண்ணன் கொடுத்தது. கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் திராட்சைத் தோட்டத்தை அவன்தான் பார்க்கிறான். அதன் ஒரு மூலையில் பன்னீர் திராட்சைக் கொடிகள் பட்டுப்போய், கல்தூண்களும் மேலே கம்பிப் பந்தலும் மட்டும் நின்றன. பந்தலின் மேல் பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டியதும் எனக்குச் செடிக்கூடம் கிடைத்துவிட்டது.

"மூணாவது கவாத்து வரைக்கும் வச்சுக்க," என்றான் அண்ணன்.

எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சைக்காரர்கள் காலத்தை இப்படித்தான் அளப்பார்கள். கொடியை வெட்டிவிடுவது கவாத்து. வெட்டிய நாலு மாதத்தில் பழம், பிறகு ஒரு மாதம் ஓய்வு, மறுபடியும் கவாத்து. அவன் அதைச் சொன்ன அன்று ஒரு கவாத்து நடந்துகொண்டிருந்தது. அதையும் ஒன்று என்று எண்ணினால் எனக்குக் கிடைத்தது பத்து மாதம்.

"அதுக்குள்ள நூறு புதுச்செடி காமி. சும்மா துளுத்து நிக்கிறதெல்லாம் சேத்துக்க மாட்டேன். சொந்த வேர்ல நிக்கணும். இல்லேன்னா அங்கன திரும்பக் கொடி ஊனிருவேன்."

"நூறு என்னண்ணே, நூத்தம்பது காமிக்கிறேன்."

"ஏ ஆத்தா, மொதல்ல அந்த நாப்பதும் சாகாம இருக்கான்னு பாரு."

நூறு வராவிட்டால் மூலை போய்விடும். மூலை போனால் வேறு இடம் இல்லை. மறுபடி ஓசூருக்குப் போய் முகமூடி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். எப்போது வந்தாலும் வேலை உண்டு என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அந்தக் கருணை எனக்கு உதவியாக இல்லை.

முதல் வேலை தொட்டிக்குள் எதைப் போடுவது என்பது. பாடத்தில் படித்த பட்டியலில் பைன் மரப்பட்டையும் உலர்ந்த பாசியும் இருந்தன. இரண்டும் தூரத்திலிருந்து வர வேண்டியவை. மேலே மலையில் பாசி இருக்கிறது, ஆனால் காட்டிலிருந்து எடுப்பது தப்பு, அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். பக்கத்தில் கிடைப்பதை வைத்து நோட்டில் இப்படி எழுதினேன்:

கரி. ஆண்டிபட்டிப் பக்கத்துச் சீமைக்கருவேலங் கரி. ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். கையில் மாவாக ஒட்டினால் வேண்டாம்.

நாட்டு ஓடு உடைத்தது. பாக்கு அளவு. அடியில் மட்டும்.

செங்கல் துண்டு. ஈரம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பாரம்; பந்தலில் தொங்கவிடும் தொட்டிக்கு ஆகாது.

மட்டை.

இந்த மட்டையில்தான் முதலில் தடுக்கி விழுந்தேன். தென்னந்தோப்புக்காரர் ஒருவரைப் போனில் கூப்பிட்டு, "செடிக் கொட்டாய்க்கு ஒரு வண்டி மட்டை வேணும்ண்ணே," என்றேன். மறுநாள் டிராக்டர் நிறையத் தென்னங்கீற்று மட்டைகள் வந்து இறங்கின. தேங்காயை உரித்தால் வருவதும் மட்டை, மரத்திலிருந்து விழும் ஓலையின் தண்டும் மட்டை. கொட்டாய் என்று சொன்னதும் கூரை வேயத்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

"தேங்கா மட்டையா கேட்டீக? அதை வச்சு என்ன செய்யப் போறீக, அடுப்பெரிக்கவா?"

"செடி நடுறதுக்குண்ணே."

"நடுறதுக்கு மண்ணு வாங்கு, ஆத்தா."

சரியான மட்டை அடுத்த வாரம் வந்தது. அதை நறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்தேன். முதல் நாள் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அந்தக் கறை வேருக்கு ஆகாது. தினமும் தண்ணீரை மாற்றி, நிறம் வெளிறிய பிறகுதான் துண்டுகளை வெளியே எடுத்தேன். செடிக்கு விட்ட ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம், ஒரே மாதத்தில் கரித்துண்டின் மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதனால் வாய்க்கால் தண்ணீருக்கு மாறினேன்.

ஓசூரில் எங்களுக்குச் சொன்னது, தேங்காய் மட்டை ஈரத்தை விடாது, வேரை அழுக்கிவிடும், கொஞ்சமாகப் போடு என்று. அங்கே அது சரி. இங்கே ஆனியும் ஆடியும் மலை இடுக்கிலிருந்து காற்று இறங்கும் மாதங்கள். காலையில் சாரல் நனைத்ததை மதியத்துக்குள் காற்று உறிஞ்சிவிடும். கரி அதிகம் போட்ட தொட்டிகளில் வேர் நுனி சுருங்கியது. இரண்டு பங்கு மட்டை, ஒரு பங்கு கரி என்று மாற்றிப்போட்டதும் பச்சை நுனி திரும்ப வந்தது. நாற்பதும் பிழைத்தன. எட்டுச் செடிகள் பூத்தன. மதினி ஒரு பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் கழித்தும் வாடவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

இனிப் பெருக்க வேண்டும். டென்ட்ரோபியத்தில் இலையோடு நிற்கும் பச்சைத் தண்டும் இருக்கும், இலை உதிர்ந்து சுருங்கிப்போன பழைய தண்டும் இருக்கும். பழையது பார்க்கச் செத்ததுபோல இருந்தாலும் அதற்குள் தண்ணீரும் உணவும் சேர்த்து வைத்திருக்கும். புதுத் தண்டு வளர்வது அதை உறிஞ்சித்தான். தவிர, ஒவ்வொரு கணுவிலும் ஒரு கண் தூங்கிக்கொண்டிருக்கும். தண்டை வெட்டி ஈரமான பொருளின் மேல் படுக்கவைத்தால் அந்தக் கண் விழித்து ஒரு குட்டிச்செடி ஆகும். பன்னிரண்டு செடிகளில் மட்டும், செடிக்கு இரண்டு பழைய தண்டுகள் எடுப்பது, மற்றவற்றைத் தொடுவதில்லை என்று எழுதிவைத்தேன். எழுதி மூன்று வாரம் ஆயிற்று. கத்தியை எடுப்பேன், நுனியைத் தீயில் காட்டுவேன், பிறகு வேறு ஏதாவது வேலை நினைவுக்கு வரும். நாற்பதே செடிகள் வைத்திருப்பவளுக்கு வெட்டக் கை வருவதில்லை.

இரண்டாவது கவாத்து அன்று, தட்டுகளும் பாலித்தீன் தாளும் வாங்கத் தேனிக்குப் போயிருந்தேன். மதியம் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் நுழைந்தால், வாய்க்கால் ஓரத்தில் அண்ணன் சந்தோஷமாக நின்றிருந்தான்.

"வா, வா. கொடி வேலை பொழுதோட முடிஞ்சுருச்சு. ஒன் வேலையையும் சேத்து முடிச்சுட்டேன்."

"என் வேலையா?"

"காஞ்ச கம்பு அப்படியே நின்னுச்சுல்ல. அதெல்லாம் கழிச்சாச்சு. பச்சையில ரெண்டு கண்ணு விட்டு வெட்டிருக்கேன். பாரு, பத்து நாள்ல தெறிச்சுக்கிட்டு வரும்."

நிழல்வலைக்குள் போனேன். இருபத்தாறு செடிகள். பழைய தண்டுகளை அடியோடு எடுத்துவிட்டு, இலையோடு நின்ற தண்டுகளில் இரண்டிரண்டு கணு மட்டும் விட்டிருந்தான். வெட்டு ஒவ்வொன்றும் சுத்தமாக, சாய்வாக, ஒரே அளவில் இருந்தது. திராட்சைக்கு அதைவிட நல்ல கவாத்தை யாரும் செய்ய முடியாது. போதாததற்கு, எல்லா வெட்டுவாயிலும் நீல நிறத்தில் போர்டோ பசை பூசியிருந்தான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்தப் பசை திராட்சையின் காயத்தில் பூஞ்சை வராமல் காக்கும். மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம். தாமிரம் டென்ட்ரோபியத்துக்கு விஷம்.

கத்தினால் நேரம் போகும் என்று மட்டும் தோன்றியது.

"வெட்டுன கம்பெல்லாம் எங்கண்ணே?"

"அந்தா, குப்பையோட கெடக்கு."

வரப்பில் திராட்சைக் குச்சிகள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. கவாத்துக்கு வந்த பெண்கள் குச்சிகளை விறகுக்காகக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கவாத்து நாளில் அது அவர்களுக்கு வழக்கமாகச் சேர வேண்டியது. நான் ஓடிப்போய் நின்றதும் அவர்களில் ஒரு அக்கா, கை நிறைய ஆர்க்கிட் தண்டுகளைத் தூக்கிக் காட்டினார்.

"இதத் தேடியா தாயி ஓடியாற? நாங்க ஒதுக்கிப் போட்டுட்டோம். இது எங்க எரியப் போகுது, உள்ள பூராம் தண்ணியால்ல இருக்கு."

அவர் சொன்னதுதான் அந்த நாளில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி. உள்ளே தண்ணீர் இருந்தால் உயிர் இருக்கிறது.

மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து என்னோடு உட்கார்ந்தார். குவியலைக் கலைத்துத் திராட்சைக் குச்சி ஒரு பக்கம், ஆர்க்கிட் தண்டு ஒரு பக்கம் என்று பிரித்தோம். அண்ணனும் வந்து நின்றான்.

"இங்கேருங்க," என்றார் மதினி, தலை நிமிராமல். "ஒங்கள யாரு அங்கன போகச் சொன்னா?"

"காஞ்சு கெடந்துச்சு, வெட்டுனேன்."

"நாளைக்கு நான் காஞ்சு கெடந்தா என்னையும் வெட்டிப் பசை பூசிருவீகளோ?"

பெண்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டான்.

"செத்துருமா?"

"தெரியலண்ணே. பசை பட்ட எடத்த இப்பவே எடுக்கணும்."

எதை முதலில் செய்வது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. தாய்ச்செடிகள் முதலில். பசைக்குக் கீழே ஒரு நகக்கண் அளவு மறுபடி வெட்டினேன். ஒவ்வொரு செடிக்கும் பிளேடைப் புதிதாகத் தீயில் காட்டினேன். ஒன்றில் நோய் இருந்தால் அடுத்ததற்குப் போகக் கூடாது. வழிந்த பசையைக் குழாயால் கழுவினேன். வெட்டுவாய் காய்ந்து மூட, பட்டைப் பொடி வைத்தேன். பிரியாணிக்கு வைத்திருந்த பட்டையை மதினி அம்மியில் பொடித்துக் கொடுத்தார். "ஊரெல்லாம் மணக்குது, ஒரு துண்டு கறியைக் காணோம்," என்றார். இருபத்தாறில் பிறகு ஐந்து போய்விட்டன. இருபத்தொன்று நின்றன.

அடுத்தது தண்டுகள். நசுங்கியவை, பசை வழிந்தவை நீக்கி எண்பத்துநான்கு தேறின. மூன்று கண்ணுக்கு ஒரு துண்டு என்று நறுக்கினால் இருநூற்று நாற்பத்தாறு. ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, நான்கு தட்டுகளில் பரப்பினேன். முதல் தட்டில் பொடித்த கரி. இரண்டாவதில் நார் மில்லில் தூளாகக் கொட்டும் தென்னைநார்க் கழிவு. மூன்றாவதில் மட்டையைச் சிறிதாக நறுக்கியது. நான்காவதில் ஓட்டுச்சில்லைப் பரப்பி, அதன் மேல் மட்டையிலிருந்து கையால் உரித்த நாரை மெத்தையாகப் போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே துளையிட்ட பாலித்தீன்.

கரித்தட்டுதான் முந்தும் என்று தேதியோடு எழுதினேன். கரி சுத்தமானது, அழுகாது. மூன்றாவது வாரம் அதில் இருந்த துண்டுகள் வற்றல் போலச் சுருங்கின. நார்க்கழிவுத் தட்டைத் திறந்தால் நாற்றம். தூள் தண்ணீரை விடவே இல்லை, பாதித் துண்டுகள் கறுத்து இளகிவிட்டன. நறுக்கிய மட்டை பரவாயில்லை. நான்காவது தட்டில்தான் கண்கள் பச்சரிசி அளவுக்கு உப்பி நின்றன. ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நார் மெத்தை தண்டின் அடிப்பக்கம் முழுவதையும் தொட்டுக்கொண்டு மெல்லிய ஈரத்தைக் கொடுக்கிறது, மிஞ்சிய தண்ணீர் ஓட்டுச்சில்லு வழியாகக் கீழே போய்விடுகிறது, அந்த இடைவெளியில் காற்று வருகிறது. கரியும் மட்டைத்துண்டும் தண்டை அங்கங்கே புள்ளியாகத்தான் தொடுகின்றன. வேர் வந்துவிட்ட செடிக்கு அது போதும். வேரே இல்லாத துண்டுக்குப் போதாது. அன்றைக்கே பிழைத்த துண்டுகள் எல்லாவற்றையும் நார் மெத்தைக்கு மாற்றினேன். முன் எழுதியதை அடிக்கவில்லை. கீழே "தவறு" என்று எழுதிக் காரணத்தையும் சேர்த்தேன்.

அண்ணன் தினமும் வந்தான். "எத்தன?" என்பான். நான் எண்ணைச் சொல்வேன். ஒரு நாள் நான் இல்லாத நேரத்தில் பாலித்தீனைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவன், என்னைக் கண்டதும் சட்டென்று மூடிவிட்டு, தண்ணீர் போதுமா என்று பார்த்தேன் என்றான்.

மூன்றாவது கவாத்துக்கு முந்தின நாள், டெம்போவில் திராட்சை நாற்றுகள் வந்து வாய்க்கால் ஓரத்து நிழலில் இறங்கின. மூலையில் ஊன்றத்தான் அவை. கவாத்து அன்று காலையில் கொடிக்குப் போவதற்கு முன்னால், அண்ணனும் மதினியும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். துளிர்த்தவை நூற்று முப்பதுக்கு மேல். வேர் விட்டவை மட்டும் தனியே. அண்ணன் ஒவ்வொன்றையும் திராட்சைக் குச்சியைச் சோதிப்பது போல லேசாக இழுத்துப் பார்த்தான்.

"அண்ணே, இழுக்காத. முறிஞ்சுரும்."

"சரி, சரி. தொண்ணூத்திநாலு."

"எனக்குத் தொண்ணூத்தொண்ணுதான் வருது," என்றார் மதினி.

மறுபடி பார்த்தோம். வேர் இருப்பதாக அவன் சேர்த்திருந்த மூன்றைத் தூக்கிக் காட்டினான். "இந்தா தொங்குதே வேரு."

"அது வேர் இல்லண்ணே. நாரு."

ஒட்டியிருந்த தேங்காய் நாரை உருவி எடுத்தேன். அடியில் ஒன்றும் இல்லை.

"தொண்ணூத்தொண்ணு," என்றேன். "நூறு வரல."

அண்ணன் அந்த மூன்றையும் தட்டிலேயே திருப்பி வைத்தான். பிறகு, "அன்னைக்கு நான் வெட்டலேன்னா நூறு வந்துருக்கும்ல," என்றான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனே அதை எதிர்பார்த்துத்தான் கேட்டான். ஆனால் நோட்டு என் மடியில் இருந்தது. பன்னிரண்டு செடி, செடிக்கு இரண்டு தண்டு, தண்டுக்கு மூன்று துண்டு, மொத்தம் எழுபத்திரண்டு. எல்லாவற்றையும் முதல் நாளே நாரில் வைத்திருந்தாலும் பாதிக்கு மேல் வேர் விட்டிருக்காது.

"நீ வெட்டலேன்னா நாப்பதுகூட வந்துருக்காதுண்ணே. நான் பயந்துக்கிட்டு வெட்டாமயே வச்சிருந்தேன்."

மதினி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடி இவளே, வாய மூடிக்கிட்டு இருந்தா மூலை கெடச்சுருக்குமேடி."

"இன்னும் முடிக்கல மதினி," என்றுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினேன். "ஒன்னால அஞ்சு தாய்ச்செடி போச்சு. மிச்சம் இருக்கிறதும் இந்த வருசம் பூக்காது. அதுவும் நெசம். இப்ப எனக்கு நாரு எப்பிடிப் போடணும்னு தெரியும், எத்தன கண்ணுக்கு வெட்டணும்னு தெரியும். தொண்ணூத்தொண்ணையும் தனித்தனித் தொட்டியில வச்சா இந்த மூலை பத்தாது. பக்கத்து ரெண்டு தூணும் சேத்து வேணும். இன்னும் ரெண்டு கவாத்து வேணும்."

"ஒம்பது கொறையுது," என்றான் அண்ணன் மதினியிடம். "கொறைஞ்சதுக்கு இவ ரெண்டு தூணு கூடக் கேக்குறா."

அவன் எழுந்து போகவில்லை. தட்டிலிருந்து ஒரு செடியை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். வெட்டுப்பட்ட பழைய துண்டு வற்றிப்போய் ஒரு குச்சியாக இருந்தது. அதன் பக்கத்திலிருந்து இரண்டு இலையோடு புதுச்செடி நின்றது, பச்சை நுனியோடு மூன்று வேர் கீழே இறங்கியிருந்தன. வேரை விரலால் தொடாமல், கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திராட்சைக் குச்சி வேர் விட்டால் அவன் அப்படித்தான் பார்ப்பான். நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

"வெறகுக்கு ஆகாதுன்னு ஒதுக்குன கம்பு," என்றான்.

"அதேதான்."

செடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனான். வாய்க்கால் ஓரத்தில் ஆட்களிடம் அவன் பேசுவது கேட்டது. "அந்த நாத்த மூலைக்குக் கொண்டு போகாதீக. இங்கனயே வாய்க்கா ஓரமா ஊனிக்கிருவோம். குழி நாலு கூட எடுங்க."

மதினி என் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

சாயங்காலம் கவாத்து முடிந்ததும், வீட்டில் மிச்சம் இருந்த நிழல்வலையைக் கொண்டுவந்து இரண்டு தூணுக்கும் இழுத்தோம். அண்ணன் ஏணியில் நின்று ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான், நான் கீழிருந்து இழுத்தேன். காற்று உள்ளே புகுந்து வலையை மேலே தூக்கியது. "இறுக்கிப் பிடி, இறுக்கிப் பிடி," என்று மேலிருந்து அதட்டினான். நான் முனையைக் கல்தூணில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.